இருபது காசுக்குப் பொய் செல்லாது

சினிமாவில் போக்கர் என்றாலே பிளஃப்தான். கையில் ஒன்றுமில்லாதவன் காசைக் குவித்து மிரட்டுவான். எதிரில் இருப்பவன் வியர்த்துப்போய்ச் சீட்டைக் கீழே வைப்பான். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக வீட்டு மேசையில் அந்த வித்தை எடுபடாது. சீட்டுப் போடும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் தொகையில் சின்ன பிளைண்ட் 10 காசு, பெரிய பிளைண்ட் 20 காசு. ஆளுக்கு 20 வெள்ளியோடு உட்காருவோம். தோற்கப் பயப்படுகிறவரைத்தான் மிரட்ட முடியும். இரண்டு வெள்ளிக்கு இங்கே யார் பயப்படுகிறார்கள்? “என்னதான் வச்சிருக்கீங்கன்னு பாத்துடுவோமே அண்ணே” என்று காசைத் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே சில்லறை ஆட்டத்தில் பிளஃப் வேண்டாம். நல்ல சீட்டு வந்தால் பதுங்கவும் வேண்டாம். எப்படியும் பார்க்க வரப்போகிறவரிடம் பார்வைக் கட்டணத்தைக் கூட்டி வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஒரு கையைப் பாருங்கள். என்னிடம் ஏஸும் ராஜாவும். மேசையில் நான்கு சீட்டுகள்: ஸ்பேட் ஏஸ், ஹார்ட் 9, ஹார்ட் 4, கிளாவர் 2. நடுவில் 6 வெள்ளி. நான் 4 வெள்ளி கட்டுகிறேன். ஜோகூர் பாருவிலிருந்து கடற்பால நெரிசலில் நின்று வந்த நண்பரிடம் இரண்டு ஹார்ட்ஸ். அவர் பார்க்காத சீட்டுகள் 46. அவற்றில் ஐந்தாவது ஹார்ட்டாக வந்து அவரைக் காப்பாற்றுபவை 9. ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. 10 வெள்ளியைப் பிடிக்க 4 வெள்ளி கொடுப்பது கட்டுப்படியாக வேண்டுமானால் ஏழில் இரண்டு முறையாவது அவர் ஜெயிக்க வேண்டும். கடைசிச் சீட்டில் ஹார்ட் விழுந்தால் நான் மேற்கொண்டு காசு தரப்போவதில்லை. அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் சராசரியாக அவருக்கு 1 வெள்ளி 26 காசு நட்டம். ஆனாலும் கட்டுவார். சில நாள் ஹார்ட் விழும், மேசையே சிரிக்கும். அடுத்த முறையும் நான் அதே 4 வெள்ளியைத்தான் கட்டுவேன்.

இதே பாடத்துக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பொய் செல்லாத மேசையில் எதிராளியும் பொய் சொல்வதில்லை. ராத்திரி முழுக்க அமைதியாகக் காசு போட்டுவந்தவர் கடைசிச் சீட்டில் திடீரென்று தொகையை உயர்த்தினால், அவரிடம் சரக்கு இருக்கிறது. என் கையிலிருக்கும் ஒற்றை ஜோடி, அது ஏஸ் ஜோடியே ஆனாலும், கீழே போக வேண்டியதுதான். தெரிந்தும் இதைச் செய்வது கடினம். பார்த்துவிடும் ஆசை எனக்கும்தானே இருக்கிறது!

பொறுமைக்கும் கணக்கு உண்டு. இரண்டு ஏஸ் கையில் வருவது 221-க்கு ஒரு முறை. ஏதோ ஒரு ஜோடி வருவது 17-க்கு ஒரு முறை. மற்ற நேரமெல்லாம் பெரும்பாலும் சீட்டைப் போட்டுவிட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெளிநாடுகளில் இணையத்தில் 1 காசு, 2 காசு மேசைகளும் உண்டு. அங்கே தளத்துக்காரர் நடுவில் சேரும் காசிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வார். சில்லறை ஆட்டத்தில் அந்தப் பங்கே பெரிய எதிரி. கொஞ்சநஞ்சத் திறமையால் வரும் லாபத்தை அது தின்றுவிடும். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் நேரில் உட்கார்ந்து ஆடுவதை அனுமதிக்கிறது. ஜெயித்த காசைத் தவிர யாரும் அதில் ஆதாயம் பார்க்கக் கூடாது. நண்பர்களுக்குள் என்றாலும் இணையத்தில் பணம் வைத்து ஆடக் கூடாது. அதனால் எங்கள் மேசையில் கமிஷன் கிடையாது. போட்ட காசு முழுவதும் ஆடுகிறவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது.

புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதல் சில வாரங்களுக்கு வரவு செலவை எண்ணாதீர்கள். தோற்கிறோம் என்று தெரிந்தும், பார்த்துவிடலாமே என்று எத்தனை முறை காசு போட்டீர்கள் என்பதை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைந்தால் வரவு தன்னால் ஏறும்.