பின்னால் அமர்பவர்

“சற்று நகர்ந்து உட்காருங்கள்” என்பது தமிழ் மண்ணின் அழகிய வாக்கியங்களுள் ஒன்று. திருமணப் பந்தியிலும், வீட்டுத் திண்ணையிலும், நெரிசல் மிகுந்த பேருந்திலும் இந்த ஒரு வாக்கியத்தால் அந்நியரை நாம் அருகில் அமர்த்திக்கொள்கிறோம். இருவருக்கான பலகையில் மூவர் அமர்வதால் எவருக்கும் குறைவு வந்துவிடுவதில்லை. ஆனால் அந்தப் பலகை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கினால் என்ன ஆகும்? இடங்கொடுத்தல் என்னும் அறத்திற்கு அப்போது வேறோர் இலக்கணம் தேவைப்படுகிறது. மந்தைவெளியில் வாழும் எங்கள் பங்கு மக்களுள் ஒருவர், தம் ஜீப்புக்குப் புதிய பின்னிருக்கை பொருத்திய போது இதைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தது.

ஜீப் நமக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த இவ்வண்டியை, 1940-களின் இறுதியிலிருந்து மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் உருவாக்கி விற்றது. காவல் துறையும் வனத்துறையும் மலைத் தோட்டங்களும் அதனை விரும்பி ஏற்றன. அவற்றுள் பலவற்றின் பின்புறத்தில் எதிரெதிராக இரு நீண்ட இருக்கைகளே இருந்தன. 2010-இல் வெளிவந்த ‘தார்’ வண்டியும் அம்மரபையே பின்பற்றியது. அவ்விருக்கைகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்க எத்தனை பேர் வேண்டுமானாலும் அமரலாம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 2020-இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தாரில் முன்னோக்கிய பின்னிருக்கை இடம்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் ‘குளோபல் என்கேப்’ அமைப்பின் மோதல் சோதனையில் அது நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது.

பழைய வண்டியை வைத்திருப்போர் என்ன செய்வது? அவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ, கூவம் கரையிலுள்ள புதுப்பேட்டைக்கோ செல்கிறார்கள். நம் நண்பரும் சென்றார். நானும் உடன் சென்றேன். பேரப்பிள்ளைகள் நால்வரையும் ஞாயிறு மறைக்கல்விக்கு அடையாறிலிருந்து அழைத்து வருவது அவர் பொறுப்பு. முதலில் விசாரித்த பட்டறையில், “அரை நாளில் வெல்டிங் வைத்து முடித்துவிடலாம், ரெக்சின் என்ன நிறம் வேண்டும்?” என்றுதான் கேட்டார்கள். அடுத்த பட்டறையில் இருந்த முதியவர் நிறத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்துத் தரைத்தகட்டைத் தட்டிப் பார்த்தார். எழுந்து வந்து, “இரண்டு பேருக்குத்தான் சரியா வரும் ஃபாதர். சக்கரத்து மேல வர்ற மேடு இரண்டு பக்கமும் இடத்தை அடைக்குது. நாலு பேருன்னா நான் செய்ய மாட்டேன்” என்றார்.

அம்மறுப்பின் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அவ்வேகத்தில் செல்லும் வண்டி மோதி, 60 சென்டிமீட்டர் தொலைவிற்குள் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்நொடியில் ஒவ்வோர் உடலும் தன் எடையைப் போல் 16 மடங்கு விசையுடன் முன்னோக்கிப் பாய்கிறது. 20 கிலோ எடையுள்ள குழந்தை 300 கிலோவுக்கு மேற்பட்ட பாரமாகிறது. 60 கிலோ எடையுள்ள பெரியவர் ஏறக்குறைய ஒரு டன் ஆகிறார். இந்தப் பாரத்தைத் தாங்க வேண்டியது மெத்தையன்று, அடியிலுள்ள போல்ட்டும் அது பற்றியிருக்கும் இரும்புமே. மெல்லிய தகட்டில் வெறும் போல்ட்டை முடுக்கினால், விசை வரும்போது தகடு கிழிந்துவிடும். ஆகவே தகட்டின் அடியில் கனமான இரும்புப் பட்டையை வைத்து, பாரம் பரவுமாறு பொருத்த வேண்டும். சீட் பெல்ட்டின் முனைகளும் வண்டியின் உறுதியான சட்டகத்தோடு பிணைக்கப்பட வேண்டும். வேலை முடிந்தபின் இவற்றில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது.

சட்டமும் இதில் அக்கறை கொண்டுள்ளது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே நண்பர் முதலில் மந்தைவெளி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்கச் செய்தார். 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ அதற்குரிய பாதுகாப்பு அமைப்போ இன்றி ஏற்றிச் செல்வதும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயிரம் ரூபாய் தண்டத்திற்குரியது.

ஆயினும் பின்னால் அமர்பவருக்கு ஆபத்து இல்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 2022 செப்டம்பர் 4 அன்று மகாராட்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். விலையுயர்ந்த அவ்வண்டியின் பின்னிருக்கையில் இருந்த இருவருமே மாண்டனர். இருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் மூன்று முனைப் பட்டையை வடிவமைத்தபோது, அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்துமாறு திறந்துவிட்டது. உயிர்காக்கும் பொருளைப் பூட்டி வைக்கலாகாது என்று வணிகரே எண்ணிய நேரம் அது. அவ்வாறு கிடைத்த கொடையை அணிந்துகொள்ளவும் நமக்குச் சோம்பல்!

நண்பரின் வண்டியில் இப்போது பின்னால் இருவர் மட்டுமே அமர்கிறார்கள். எஞ்சிய இருவர்? அவர் திரு.வி.க. பாலத்தை இருமுறை கடக்கிறார். நேரமும் எரிபொருளும் கூடுதலாகின்றன. முதல் நடையில் யார் வருவது என்று பிள்ளைகளிடையே வாரந்தோறும் வழக்கு வேறு நடக்கிறது. முன்பு நால்வரையும் ஒன்றாக அடைத்து வந்தபோது, அவரைத் தாராளமானவர் என்று எல்லாரும் பாராட்டினார்கள். இன்று சிலர் அவரைக் கஞ்சர் என்று கேலி செய்கிறார்கள். எனக்கோ, அவர் இப்போதுதான் உண்மையில் இடங்கொடுக்கிறார் என்று தோன்றுகிறது. காக்க இயலாத இடத்தில் ஒருவரை அமர்த்துவது விருந்தோம்பலன்று. நம்மை நம்பி, நம் முதுகுக்குப் பின்னால், பாதையைப் பார்க்காமல் அமர்ந்திருப்பவருக்காக நாம் ஏற்கும் பொறுப்பே இடங்கொடுத்தலின் முழுப் பொருள்.

புதிய வண்டிகளை மந்திரிக்குமாறு பங்கு மக்கள் கொண்டுவரும்போது, மாலை சூட்டிய முகப்பின் முன்னே குடும்பமே நிற்கும். நான் இப்பொழுதெல்லாம் பின்கதவையும் திறக்கச் சொல்கிறேன். இருக்கையை இருகையாலும் பற்றி அசைத்துப் பார்க்கிறேன். பெல்ட் மெத்தைக்கடியில் புதைந்து கிடந்தால் வெளியே எடுத்துப் போடுகிறேன். அதன் பிறகே தீர்த்தம் தெளிக்கிறேன்.