மகள் வீட்டு வாசலில் எங்கள் வீடு

குவார்ட்சைட், அரிசோனா



ஓஹையோ வீட்டை விற்றுவிட்டு நானும் என் மனைவியும் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் குடியேறிய செய்தியைப் போன மடலில் எழுதியதும், "வண்டிக்குள் எப்படி ஐயா குடித்தனம்?" என்று பலர் கேட்டுவிட்டீர்கள். திருச்சியில் இருக்கும் மச்சினர் இன்னும் நேராகவே கேட்டார்: "என்ன அத்தான், அக்காவை லாரியில ஏத்திட்டீங்களாமே?"

லாரிதான், முப்பதடி லாரி. உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், ஷவர், கழிப்பறை எல்லாம் உண்டு. நிறுத்தியபின் ஒரு பொத்தானை அழுத்தினால் ஹாலின் பக்கச் சுவர் சோபாவோடு வெளியே நகர்ந்து இடம் கொடுக்கும்.

குளிர்காலத்தில் எங்கள் ஜாகை இந்தப் பாலைவன ஊர். நிரந்தரக் குடிகள் சில ஆயிரம் பேர்தான். ஜனவரியில் வந்து பாருங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டிகள். கனடாவிலும் மினசோட்டாவிலும் பனி கொட்டத் தொடங்கியதும் ஓய்வுபெற்ற கூட்டம் இங்கே இறங்கிவிடுகிறது. ஊருக்குத் தெற்கே லா போசா என்ற வெட்டவெளியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கிக்கொள்ள மத்திய அரசின் நிலத்துறை ஒரு கட்டணம் வாங்குகிறது. வண்டிக்கு மின் இணைப்பெல்லாம் கிடையாது. கூரையில் சோலார் பலகை இருந்தால் பிழைத்தோம். இந்த ஊருக்கு ஒரு பழங்கதையும் உண்டு: ஊர்க் கல்லறையில் பிரமிடு போல ஒரு சமாதி, உச்சியில் செப்பு ஒட்டகம். 1850களில் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றை மேய்க்க வந்த ஹாஜி அலி என்பவருடையது. பெயர் வாயில் நுழையாமல் அவரை 'ஹை ஜாலி' ஆக்கிவிட்டார்கள். என் பெயரை அலுவலகத்தில் 'சப்' என்று சுருக்கியவர்களின் தாத்தாக்களாக இருக்கும்.

அன்றாடப் பாடு என்றால் தண்ணீரும் கழிவும்தான். கழிப்பறைக்கு ஒரு தொட்டி, அதன் பெயர் பிளாக் டேங்க். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேருவது கிரே டேங்க். நிரம்பியதும் டம்ப் ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டிப்போய், கையுறை மாட்டி, குழாயைப் பொருத்தி, முதலில் பிளாக், பிறகு கிரே என்று திறக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் பின்னால் வந்து குழாயை அலசிவிடும் என்பதால் இந்த வரிசை. இந்த வேலை என்னுடையது. மேனேஜராக ரிட்டையர் ஆனவனுக்கு இது நல்ல மருந்து என்பது மனைவியின் கருத்து.

அடுத்தது மட்டம். சக்கரத்துக்கடியில் பிளாஸ்டிக் கட்டைகளை வைத்து வண்டியைச் சமமாக நிறுத்தாவிட்டால், கேஸில் ஓடும் எங்கள் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது. இதற்கென்று நீர்மட்டக் கருவி விற்கிறார்கள். என் மனைவிக்கு அது தேவையில்லை. முதல் தோசையை ஊற்றுவாள். மாவு ஜன்னல் பக்கமாக வழிந்து அந்த ஓரம் தடித்து, இந்த ஓரம் முறுகினால், "இடது பின் சக்கரத்துக்கு இன்னொரு கட்டை" என்று உள்ளிருந்து குரல் வரும். கரண்டியும் கையுமாக அவள் எட்டிப் பார்க்க, நான் மண்டியிட்டுக் கட்டை செருக, இரண்டாவது தோசை வட்டமாக வரும். கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும் என்பதால், தாளிப்பு மட்டும் வெளியே மடக்கு மேஜையில்.

இவ்வளவு அவஸ்தை எதற்கு? பிள்ளைகளுக்காகத்தான்.

மகள் இருப்பது டல்லாஸ் பக்கம். மகன் சியாட்டிலில். முன்பெல்லாம் விமானம் ஏறிப் போய் அவர்கள் வீட்டு விருந்தினர் அறையில் தங்குவோம். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தோம். ஆனாலும் பத்து நாள் தாண்டினால் சமையலறையில் எந்தக் கரண்டி எங்கே இருக்க வேண்டும் என்பதே பிரச்சினையாகிவிடும். இப்போதெல்லாம் போனால், மகள் வீட்டு டிரைவ்வேயில் எங்கள் வீடு நிற்கும். காலையில் அவர்கள் பள்ளிக்கும் ஆபீஸுக்கும் பறக்கும் அமளியில் நாங்கள் குறுக்கே நிற்பதில்லை. எங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காபி குடிக்கிறோம். மாலையில் பேரன் தலையணையோடு வந்துவிடுவான். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் பரண் படுக்கை அவனுக்கு. போன கோடையில் சம்பந்தியம்மா சிதம்பரத்திலிருந்து வந்து அந்த விருந்தினர் அறையில் இருந்தார். ஒரே சமையலறையில் இரண்டு சம்பந்திகள் என்ற நிலைமை வராமல் போனதற்கு இரு தரப்பும் வண்டிக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மகள் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தால் கிடைப்பது 15 ஆம்பியர். 120 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட். டெக்சாஸ் வெயிலில் ஏ.சி. ஒன்றே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். அது ஓடும்போது மைக்ரோவேவைத் தட்டினால் கராஜில் பிரேக்கர் விழும். குளியலுக்கும் துணி துவைக்கவும் மகள் வீடுதான்.

அவர்கள் குடியிருப்பில் எச்.ஓ.ஏ. என்ற சங்கம் ஒன்று உண்டு. வாசலில் ஆர்.வி. 72 மணி நேரத்துக்கு மேல் நின்றால் அபராதம். "மாமா, சாரி, மூணு நாள்தான் அலவ் பண்ணுவாங்க" என்று மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு எங்க ஆச்சி சும்மா சொன்னா. இவங்க அதைச் சட்டமாவே போட்டுட்டாங்க!" என்று மனைவி சிரித்தாள். பிறகு அருகிலுள்ள ஏரிக்கரை முகாமுக்கு நகர்ந்துகொள்வோம். சனி ஞாயிறு அவர்கள் அங்கே வருவார்கள். அந்த இரண்டு நாளும் விருந்தோம்புவது நாங்கள், விருந்தாளி அவர்கள். பெற்றோருக்கு இந்த நாட்டில் எளிதில் வாய்க்காத அந்தஸ்து இது. இதற்காகவே வண்டி வாங்கலாம்.

செலவு குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு மைல் ஓடினால் அதிகம். மருத்துவரைப் பார்க்க ஊர் தேட வேண்டும். ஓட்டுநர் உரிமத்துக்கும் தபாலுக்கும் எங்காவது ஒரு முகவரி வேண்டும்; எங்களுக்கு அது டெக்சாஸின் லிவிங்ஸ்டனில், எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தில். 1978-இல் தொடங்கிய சங்கம். தபாலை நாங்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. அங்கேயே 'கேர்' என்று ஒரு நிலையமும் உண்டு. வயதாலோ நோயாலோ வண்டி ஓட்ட முடியாமல் போனவர்கள் தங்கள் வண்டியிலேயே குடியிருக்க, சாப்பாடும் உதவியும் அவர்களுக்கு அங்கே கிடைக்கின்றன. இங்கே குவார்ட்சைட்டில் எங்கள் பக்கத்து வண்டியில் தனியாக வாழும் மினசோட்டா அம்மையார், பிள்ளைகள் ஆரிகனிலும் ஜார்ஜியாவிலும் இருந்தும், கடைசியில் அங்கேதான் போவேன் என்கிறார். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லையாம். நாங்களும்தான் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரவிருக்கும் வாசகர்கள் சிலர், இதை ஒருமுறை முயன்று பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. வாங்க வேண்டாம், ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள், மகனோ மகளோ ஓட்டட்டும். பெரும்பாலான மாநிலங்களில் 26,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிக்குச் சாதாரண கார் உரிமமே போதும். புறப்படுமுன் அவர்கள் குடியிருப்புச் சங்கத்தில் எத்தனை இரவு வாசலில் நிறுத்தலாம் என்று மட்டும் கேட்டுவிடச் சொல்லுங்கள்.