கார்த்திகை விளக்கும் புல்லட்டின் பெட்ரோல் டேப்பும்

பழைய புல்லட்டில் பெட்ரோல் மீட்டர் கிடையாது. முகப்பில் அம்மீட்டர் இருக்கும். டேங்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல மட்டும் ஒன்றும் இருக்காது. அந்த வேலையையும் சேர்த்துப் பார்த்தது, டேங்கின் அடியில் இருக்கும் சின்னஞ்சிறு பெட்ரோல் டேப்தான். ஆன், ஆஃப், ரிசர்வ் என்று மூன்றே நிலைகள். டேப்பிலிருந்து டேங்குக்குள் ஒரு குழாய் நீண்டிருக்கும். பெட்ரோல் அதன் வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி இருமும். கையை இறக்கி டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால், அடியிலுள்ள துளை வழியாக மிச்சப் பெட்ரோல் இறங்கும். இனி பங்க் தேடவேண்டும் என்று அர்த்தம்.

செஞ்சிக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் அந்த விவசாயிக்கு வயது 68. அவருடைய புல்லட் 1970-களில் வந்தது. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்த வண்டி. நெல் விற்ற காசில் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நெல் மூட்டைக்குப் பின்னாலேயே போனதும், மகனைப் பள்ளியில் விட்டதும் அதில்தான். திண்டிவனத்தில் வண்டி ரிசர்வுக்கு வந்தால்கூட, வீடு வரை தாங்கும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தபிறகு, புல்லட் மாதம் ஒருமுறை வெளியே வந்தாலே அதிகம். வராண்டாவில் நின்ற வண்டியின் கீழே ஒரு ஈரத்தடம் தெரிய ஆரம்பித்தது. பெரியவர் துணி சோப்பைத் தேய்த்துப் பார்த்தார். நான்கு நாள் நின்றது, மறுபடி கசிந்தது. பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலை டேப்புக்குக் கீழே கம்பியால் கட்டித் தொங்கவிட்டார்.

கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மருமகள்தான் பேச்சை எடுத்தார். "மாமா, விளக்கைத் தரையிலதான் வைப்போம். இந்த வாடையும் தரையிலதான் இருக்கு. ஒண்ணு டேப்பைச் சரிபண்ணுங்க, இல்லன்னா வண்டியைக் கொடுத்துடுங்க."

மருமகள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறைவரை போகும். தீப்பிடிக்கக்கூடிய அளவு ஆவி, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோலிலிருந்து கிளம்பும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். பாட்டிலில் பிடித்தது பெட்ரோலைத்தான். ஆவியை எந்தப் பாட்டிலும் பிடிக்காது.

அன்றே வண்டி, திண்டிவனம் சாலையில் இருக்கும் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகப்பட்டது. ராஜகிரி மலை தெரியும் இடத்தில், மரத்தடியில் பட்டறை. பாட்டிலைப் பார்த்ததுமே மெக்கானிக்குக் கோபம். "ஐயா, இது டேப் ரிப்பேர் இல்ல, வீட்டைக் கொளுத்துற வேலை" என்றவர், அடுத்த நிமிடமே சிரித்தார். "கோட்டையைப் பாத்துக்க யுனெஸ்கோ வந்துட்டான். உங்க வண்டிக்கு நான்தான்." செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னமானதைத்தான் சொன்னார்.

இன்ஜின் ஆறியபிறகு, திறந்தவெளியில் வைத்து டேங்கை தகர கேனில் வடித்தார். பக்கத்தில் பீடி பிடித்தவரைத் தூரம் போகச் சொன்னார். கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸ் கையில் எடுத்ததும் ஒடிந்தது. டேப்பைக் கழற்றினால் வடிகட்டி வலையில் துருப்பொடி. உள்ளேயிருந்த கார்க் வாஷர் காய்ந்து சுருங்கியிருந்தது.

ஓடாமல் நின்றதுதான் முதல் காரணம். பெட்ரோலில் நனைந்தே இருக்கும்வரை கார்க் உப்பி இறுக்கமாக இருக்கும். டேங்க் வற்றினால் சுருங்கிவிடும். இரண்டாவது, எத்தனால். 2022-ல் 10 சதவிகிதத்தை எட்டிய எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவிகிதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்க அது போதும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்றவேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. 1970-களின் வாஷர் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல.

பெரியவருக்குப் பழைய டேப்பை விட மனமில்லை. மெக்கானிக்கும் முதலில் வாஷரை மட்டும் மாற்றிப் பார்த்தார். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, டேப்பை ஆஃபில் வைத்து, அடியில் ஒரு காகிதத்தை விரித்து, பட்டறைக்கு வெளியே இரவு முழுக்க விட்டார். காலையில் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. டேப்பின் உள்பக்கம் கீறல் விழுந்திருந்தது. அதற்கு மேல் எந்த வாஷர் போட்டாலும் நிற்காது.

"டேங்க், ஹேண்டில்பார் எல்லாம் பழசாவே இருக்கட்டும் ஐயா. நெருப்பைத் தடுக்கிற சாமான் மட்டும் புதுசா இருக்கணும்" என்றார் மெக்கானிக். பெரியவர் பதில் பேசாமல், பழைய டேப்பைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

புது டேப் சில நூறு ரூபாய்தான். ஆனால், கடையில் வாங்கிய முதல் டேப்பை ஆஃபில் வைத்து வாயால் ஊதியபோது காற்று போனது. திருப்பிக் கொடுத்துவிட்டு, காற்றுப் போகாத ஒன்றை வாங்கினார். டேங்கை அலசிக் காயவைத்து, டேப்பை முதலில் கையாலேயே திருகி ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் அளவாக இறுக்கினார். வேகத்தில் இறுக்கினால் டேங்கின் மரை போய்விடும். அப்புறம் டேங்குக்கே செலவு. புது ஹோஸ் போட்டு, நடுவில் சின்ன ஃபில்டரும் வைத்தார். மறுபடி ஒரு ராத்திரி, ஒரு காகிதம். இந்தமுறை காகிதம் காய்ந்தே இருந்தது.

ஒன்று மட்டும் கைவிட்டுப் போனது. புது டேப்பின் குழாய் வேறு உயரம். அதனால் திண்டிவனத்திலிருந்து வீடுவரை என்ற பழைய கணக்கு இனி செல்லாது. பெரியவர் வண்டியை இருமும்வரை ஓட்டி, மிச்சத்தை ஒரு லிட்டர் பாட்டிலில் வடித்துப் பார்த்தார். பாட்டில் நிரம்பவில்லை. ரிசர்வில் இனி திண்டிவனத்தை நம்பக்கூடாது, செஞ்சியிலேயே போட்டுக்கொண்டு கிளம்பவேண்டும் என்று முடிவு செய்தார்.

தீபத்தன்று வராண்டா முழுக்க அகல் விளக்குகள். டேப் கசியவில்லை என்றாலும், வண்டி அன்று வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றது. மருமகளின் உத்தரவு. தினமும் இரவில் "தாத்தா, டேப்பை ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்கும் பொறுப்பு பேத்திக்கு.