துணியைத் தூக்கச் சொன்ன பிள்ளையின் தகப்பன் எழுதுவது

அன்புள்ள டீச்சர் இருவருக்கும்,

பேச்சுப் பயிற்சிக்கு ஓர் அறை, கை கால் பயிற்சிக்கு வேறோர் அறை என்று பிரித்து வைக்காமல், நீங்கள் இருவரும் ஒரே பாயில் பிள்ளைகளோடு உட்காருகிறீர்கள். தங்காக் துணிக்கடையில் வேலை செய்யும் தகப்பனாகிய நான் அதற்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். நேரில் சொன்னால் "எங்கள் வேலைதானே" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். மற்றப் பெற்றோருக்கும் தெரியட்டும் என்றுதான் திறந்த மடல்.

அந்த வட்டத் துணி விளையாட்டைச் சொல்ல வேண்டும். தொழில் பழக்கம், என் கண் முதலில் துணியைத்தான் பார்த்தது: மெல்லிய நைலான், ஓரத்தை மடித்துத் தடிமனாகத் தைத்திருந்தார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று ஓரத்தைப் பிடிக்க, நடுவில் பந்துகள். விடாமல் பிடிப்பது விரல்களுக்கு, தலைக்கு மேல் தூக்குவது தோளுக்கு என்று ஒருவர் கவனிக்கிறார். இன்னொருவரோ துணியைத் தாழ்த்திப் பிடித்தபடி, வாய் திறக்காமல் பிள்ளைகளின் முகத்தையே பார்க்கிறார். பொறுத்துப் பார்த்து முடியாமல்தான் என் மகன் முதல் தடவை "தூக்கு" என்றான். துணி உடனே மேலே போனது. பந்துகள் சிதறின. எதிரே நின்ற சீனப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டில் படத்தைக் காட்டி "இது என்ன" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். சொன்னால் ஏதாவது நடக்க வேண்டும், அதுவும் நாலு பேர் நடுவில் நடக்க வேண்டும் என்று காத்திருந்தான் போலும்.

"விளையாட்டுக்கா லீவு போடுகிறாய்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருப்பது உங்களால்தான். தொடுதலும் ஆட்டமும் சமநிலையும் கற்றலோடு பின்னிக் கிடப்பவை என்று அமெரிக்காவின் ஜீன் அயர்ஸ் 1972-இலேயே நூல் எழுதியதை நீங்கள்தான் சொன்னீர்கள். அவர் கொள்கையை எல்லாரும் ஒப்புவதில்லை என்றும் மறைக்காமல் சொன்னீர்கள். அதற்குத் தனி நன்றி.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊருக்குள்ளேயே பயிற்சி தரும் சமூக மறுவாழ்வுத் திட்டம் இந்நாட்டில் 1984-இல் திரெங்கானுவின் பத்து ராகிட்டில் தொடங்கியது. பேச்சுப் பயிற்சிக்கான பட்டப்படிப்பு மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததே 1995-இல்தான். லேடாங் மலையடிவாரத்துச் சிற்றூரில் நீங்கள் இருவரும் ஒன்றாகக் கிடைப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும் என்று முன்பு ஓரிடத்தில் சொன்னார்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை என்று நீங்கள் விளக்கினீர்கள். தூக்கு, இறக்கு, இன்னும், போதும் எல்லாவற்றையும் என்னிடம் கேட்டு, மலாய் எழுத்தில் குறித்துக்கொண்டீர்கள். "போதும்" உங்கள் வாயில் "போத்தும்" ஆனது. அவன் சரியாகவே புரிந்துகொண்டான்.

தீபாவளி நெருங்கினால் கடையில் எனக்கு லீவு கிடைக்காது. அந்த வாரங்களில் என் அம்மா அவனை அழைத்து வருவார். அவருக்கு மலாய் கொஞ்சம்தான் வரும். வெளியே நாற்காலியில் உட்கார வைக்காமல், வட்டத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
தங்காக், ஜொகூர்