அயிரைக்கு அயல்

மீன் கடைகளில் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சிறு அட்டைகள் மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கின்றன: சாது, முரடு. சாதுவோடு சாதுவையும் முரடோடு முரடையும் வாங்கிப் போனால் வீட்டில் சண்டை வராது என்பது கணக்கு. வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் இந்த அட்டையை நம்பித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் லோச் என்ற மீனிடம் இந்தக் கணக்கு பலிப்பதில்லை.

லோச் நமக்கு அந்நியமான மீன் அல்ல. நம் அயிரை அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். குறுந்தொகையில் நாரைக்கு இரையாக வரும் மீன் அது. மதுரைப் பக்கத்தில் உயிரோடு வாங்கிவந்து குழம்பு வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு அயிரை வெறும் சொல்லாகவே இருந்தது. மழைக்கு ஓடும் வழுக்கியாற்றைத் தவிர எங்களுக்கு ஆறு ஏது? மீன் என்றால் கடல்மீன். அயிரையின் உறவுக்காரன் ஒருவனை நான் நேரில் கண்டது ஸ்காபரோவில், எங்கள் தொடர்மாடியின் ஒன்பதாம் தளத்தில், மாஸ்டரின் வீட்டில்.

கடைப்பெயர் ஸ்கங்க் லோச். தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா நாடுகளின் மேகொங், சாவ் பிரயா ஆறுகளில் வாழ்வது. விரல் நீளம்தான் இருக்கும். வெளிறிய மஞ்சள் உடலில், மூக்கில் தொடங்கி முதுகு வழியே வால் அடிவரை ஒரு கறுப்புக் கோடு. இரவில் எங்கள் குப்பைப் பெட்டிகளைக் கிளறும் ஸ்கங்கிற்குக் கறுப்பில் வெள்ளைக் கோடு. இதற்கு நிறம் மாறிக் கிடக்கிறது. கண்ணுக்குக் கீழே மடித்து வைத்த ஒரு முள் உண்டு. வெருண்டால் அதை விரிக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும். அடித்தளத்தில் கற்களுக்கு இடையே வாழும். நத்தை தின்னும். தொட்டியில் நத்தை பெருகிவிட்டது என்று போகிறவர்களுக்குக் கடைக்காரர் ஒற்றை லோச்சை விற்பது இதனால்தான். மாஸ்டருக்கும் அப்படித்தான் ஒன்று விற்றார்கள். மாஸ்டர் அதை அவன் என்றுதான் சொல்வார்.

முதலில் நத்தைகள் முடிந்தன. பிறகு கப்பிகளின் வால்கள், பிறகு கப்பிகள். ஏஞ்சல் மீன்கள் இரண்டின் நீண்ட செட்டைகள் கந்தலாகி, அவையும் போயின. அதன் பின் மூன்று வருடம் அவன் தனியே இருந்தான். மாஸ்டரும் மனைவி காலமான பிறகு தனியேதான் இருந்தார். போன மாரியில், 83 வயதில், அவருக்கு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே தொட்டிக்கு இடமில்லை.

"கடையிலை குடுத்தால் எடுப்பினம்," என்றார் மகள். எடுப்பார்கள், நத்தை பெருகிய இன்னொருவருக்கு விற்பார்கள். மாஸ்டர் ஒன்றும் பேசாமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கொண்டுபோறன் மாஸ்டர்."

"அவன் ஒருத்தரோடையும் சேரமாட்டான் தம்பி. தனிய விடும்."

தனியே விட்டால் எவருக்கும் சேதமில்லை, உண்மைதான். ஆனால் லோச் தனியே வாழும் மீனல்ல. கூட்டமாக வாழும், கூட்டத்துக்குள் யார் பெரியவர், யார் சிறியவர் என்று ஓயாமல் அளந்துகொள்ளும். ஒன்றையொன்று உரசும், துரத்தும். பல இனங்களில், மோதும்போது உடல் நிறமே சாம்பல் பூத்துவிடும். முடிவு தெரிந்ததும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும். அளந்து பார்க்கத் தன் இனத்தில் ஆளில்லாத லோச், தொட்டியில் அசைகிற எதையும் அளக்கத் தொடங்கும். கப்பிக்கு அந்த அளவுகோல் தாங்காது.

ஆகவே முரட்டு லோச்சுக்குத் துணை தேடும்போது முதலில் தேட வேண்டியது இன்னும் சில லோச்களை. இரண்டோ மூன்றோ போதாது. அப்போது ஒன்று அடிவாங்கியே சாகும். ஆறு இருந்தால் அடி பங்கிடப்படும். என்னிடம் நான்கு அடி நீளத் தொட்டி ஒன்று இருந்தது: 75 கலன், ஏறத்தாழ 280 லீற்றர். அவனைவிடச் சிறிய ஐந்து குஞ்சுகளை வாங்கினேன். மாஸ்டர் சொன்னது சரியாக இருந்தால் அந்த ஐந்தின் கதி என்ன என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்து மேல்நீருக்கு ஆள் வேண்டும். தொட்டியில் எல்லாம் அடியிலேயே கிடந்தால் லோச்களும் வெளியே வரத் தயங்கும். மேலே அச்சமின்றி நீந்தும் கூட்டம் ஒன்றைக் கண்டால்தான் ஆபத்தில்லை என்று நம்பும். ஃபைற்றர், கௌராமி, கப்பி போன்றவற்றை முதலிலேயே தள்ளிவிட்டேன். மெதுவான நீச்சலும் நீண்ட செட்டையும் லோச்சுக்கு அழைப்பிதழ். கொரிடோரஸ் சாதுதான், ஆனால் அதுவும் அடித்தளத்துக் குடி. ஒரே முற்றத்துக்கு இரண்டு குடும்பம். முரடுக்கு முரடு என்று மலாவி ஏரியின் சிக்லிட்களைக் காட்டினார் கடைக்காரர். அவையும் பாறை இடுக்குகளுக்குச் சண்டை பிடிப்பவை. அவற்றுக்கு வேண்டிய கடின நீரும் வேறு. சிவப்புவால் ஷார்க் என்று விற்கப்படும் கறுப்பு மீன் சாவ் பிரயாவைச் சேர்ந்தது, லோச்சின் அதே ஆறு. ஆனால் அதுவும் அடிநிலத்தில் எல்லை பிரித்து, தன்னைப் போன்ற உருவத்தையெல்லாம் விரட்டும். ஓராற்றுத் தண்ணீர் குடித்தவர்கள் என்பதால் மட்டும் ஒத்துப்போய்விட மாட்டார்கள் என்பதை எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் எடுத்தது மலபார் டானியோ. தென்னிந்திய, இலங்கை ஓடைகளில் வாழும் மீன். லோச் அளவு வளரும், மேல்நீரிலேயே திரியும், குட்டையான செட்டை, நில்லாத ஓட்டம். லோச் கிளம்பி வருவதற்குள் அது மறுகோடியில் இருக்கும். துள்ளிக் குதிக்கும் என்பதால் மூடி மட்டும் இறுக்கமாக வேண்டும். எட்டு வாங்கினேன்.

புதிய மீன்களை நான்கு வாரம் வேறு தொட்டியில் வைத்தேன். லோச்சின் செதில் மிக நுண்ணியது. நோய் வந்தபின் போடும் மருந்தை அதன் உடல் எளிதில் தாங்காது, வராமல் பார்ப்பதே மேல். பிறகு ஒரு மாலை, பெரிய தொட்டியின் கற்களையும் குழாய்த் துண்டுகளையும் எல்லாம் இடம் மாற்றினேன். பழையவனுக்கும் அந்த இடம் புதிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவன் வீட்டுக்காரன், மற்றவர்கள் திருடர்கள். ஆறு லோச்சுக்கு ஒன்பது ஒளிவிடம். விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாக விட்டேன்.

இருட்டில் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. லோச்கள் எழுப்பும் ஒலி அது. கேட்டுக்கொண்டு படுத்திருக்கலாம், தூங்க முடியாது. காலையில் ஒரு குஞ்சின் வால் நுனி கிழிந்திருந்தது. பழையவன் தொட்டி முழுதும் துரத்திக்கொண்டிருந்தான், ஆனால் ஒன்றையே துரத்தவில்லை. ஒன்றை விட்டு இன்னொன்று. இரண்டாம் வாரம் துரத்தல் குறுகிய ஓட்டமாகச் சுருங்கியது. வால் வளர்ந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரு குழாய்க்குள் மூன்று தலைகள் தெரிந்தன, நடுவிலிருந்தது பெரிய தலை. டானியோக்களில் ஒன்றும் குறையவில்லை.

எல்லா முரட்டு லோச்சும் இப்படித் திரும்பும் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மாதமாக இந்த ஆறும் ஒன்றாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

போன மாதம் மாஸ்டரைப் பார்க்கப் போனபோது தொலைபேசியில் ஒளிப்பதிவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"என்ரை ஆள் எது?"

குஞ்சுகளும் வளர்ந்துவிட்டதால் நானும் ஒரு கணம் தேடித்தான் காட்ட வேண்டியிருந்தது. அவர் திரையை மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

"மற்றவைக்குச் சாப்பாடு கிடைக்குதோ தம்பி?"

"கிடைக்குது மாஸ்டர். ஆறு இடத்திலை போடுறன், லைற்றை நூத்த பிறகு."