டவுட் எந்த மொழியில் வரும்?

ஜூன் மாதம் வந்தால் கல்லூரிகளில் ஒரு சடங்கு நடக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை உட்கார வைத்து விதிமுறைகளை வாசிப்பார்கள். ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க வேண்டும், செல்போன் பையில் தூங்க வேண்டும், 75 சதவிகிதம் அட்டெண்டன்ஸ் இருந்தால்தான் ஹால் டிக்கெட். தமிழ், வணிகச் சட்டம், கணக்கு என்று எல்லா வகுப்புக்கும் ஒரே சட்டம்தான்.

கணக்கு வகுப்புக்கு மட்டுமாவது தனியாக ஒரு சட்டம் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் இருக்கிறது. வணிகச் சட்டத்தில் மூன்றாவது பாடத்தைத் தவறவிட்டால் நான்காவது பாடம் கோபித்துக்கொள்ளாது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி டீ குடித்துவிட்டு ஒப்பேற்றலாம். அல்ஜீப்ரா மாடிப்படி மாதிரி. நடுவில் ஒரு படி இல்லையென்றால் அதற்கு மேலே இருக்கும் இருபது படியும் இருந்தும் பிரயோஜனமில்லை. படி விட்டுப்போக லீவு போட வேண்டும் என்று அவசியமும் இல்லை. முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விட்டுப்போகும். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தருக்கு அது தெரியாது. உடம்பு வந்ததா, பிரசென்ட். அவ்வளவுதான் அதன் அறிவு.

அந்த 75 சதவிகிதத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 75 சதவிகிதம் என்றால் 68 நாள். கடைசி பெஞ்ச் பையனைக் கேளுங்கள். 'அறுபது நாள் முடிஞ்சிருச்சு சார், நாப்பத்தோரு நாள் வந்திருக்கேன். மிச்சம் முப்பது நாள்ல இருபத்தேழு வரணும். மூணு நாள் கட் அடிக்கலாம்' என்று பேப்பர், பேனா இல்லாமல் சொல்வான். தெரியாத எண்ணை எக்ஸ் என்று வைத்துப் போட வேண்டிய கணக்கை மனசிலேயே போட்டுவிட்டான். அதற்குப் பெயர் அல்ஜீப்ரா என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயந்திருப்பான்.

நான் பி.காம். சேர்ந்தது 1998-ல். பிசினஸ் மேத்ஸ் எடுத்த சார் முதல் நாளே கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் தன் விதிகளை எழுதினார். ஐந்து நிமிஷம் லேட் என்றால் உள்ளே வரக்கூடாது. தனி நோட்டு, இடது பக்கம் மார்ஜின். கால்குலேட்டர் கூடாது, க்ளார்க்ஸ் டேபிள் கொண்டு வரலாம். விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, ஸ்டெப் எழுத வேண்டும். டவுட் கேட்கலாம், ஆனால் இங்கிலீஷில் கேட்க வேண்டும்.

ஸ்டெப் எழுதச் சொன்ன அந்த நாலாவது விதியைப் போல நியாயமான ஒன்றை நான் வேறு எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை. கடைசி வரியில் கூட்டல் பிசகி விடை தப்பாகிவிட்டதா? ஒரு மார்க் போகும், வந்த வழிக்கு மிச்ச மார்க் உண்டு. எங்கேயிருந்தோ சரியான விடை மட்டும் குதித்திருந்தால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். 'எங்கே போய்ச் சேர்ந்தாய் என்பது இருக்கட்டும், எப்படிப் போனாய்?' என்று கேட்கிற பாடம் அது. ஆபீஸில், அரசியலில், கல்யாணச் சந்தையில் எங்காவது ஸ்டெப் மார்க் தருகிறார்களா, யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாவது விதியையும் சார் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. 'நாளைக்கு இன்டர்வியூவில் தமிழில் கேட்க மாட்டான், இங்கேயே பேசிப் பழகுங்கள்' என்றார். அக்கறையோடு சொன்ன வார்த்தை. ஆனால் அந்த விதி ஒருத்தனை என்ன செய்தது என்று எனக்குத் தெரிய வந்தது இருபத்தோரு வருஷம் கழித்து.

2019-ல் அரிசி விலை பற்றி எழுதுவதற்காகச் செங்குன்றம் மண்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை மேஜையிலிருந்து 'டேய்!' என்று ஒரு குரல். எங்கள் வகுப்புப் பையன். கிராமத்திலிருந்து ஹாஸ்டலுக்கு வந்தவன், வீட்டில் முதல் காலேஜ் பிள்ளை. பத்தாவது வரை கணக்கு படித்துவிட்டு, பிளஸ் டூவில் வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல் குரூப். எல்லாம் தமிழ் மீடியம். அக்கவுன்ட்ஸில் புலி. எங்களுக்கெல்லாம் டிரையல் பேலன்ஸ் இரண்டு பக்கமும் உதைக்கும்போது அவன் நோட்டில் மட்டும் சமர்த்தாக டேலி ஆகியிருக்கும். ஒரு நாள்கூட லீவு போடாத ரகம்.

டீ வரவழைத்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே மூட்டை அடுக்கிய ஆள் வந்து எண்ணிக்கை கேட்டார். இவன் எட்டிப் பார்த்தான். அடியில் இருபது மூட்டை, மேலே போகப்போக ஒன்று ஒன்றாகக் குறைந்து உச்சியில் பதினொன்று. 'பதினொண்ணும் இருபதும் முப்பத்தொண்ணு. பத்து வரிசை, அதுல பாதி அஞ்சு. நூத்தி அம்பத்தஞ்சு எழுதிக்க' என்றான்.

நான் டீயை வைத்துவிட்டுச் சொன்னேன். 'டேய், இது ஏ.பி. ஃபார்முலாடா. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி, பாதியால பெருக்கறது. நம்ம சார் நடத்தினதுதான்.'

சிரித்தான். 'அது இப்பத் தெரியும். அப்போ தெரியாது. சார் போர்டுல ஏ.பி., ஏ.பி.ன்னு எழுதுவாரு. என்னமோ புதுசா ஒண்ணுன்னு நெனச்சு மனப்பாடம் பண்ணிக்கிட்டிருந்தேன். பத்தாவதுல நான் போட்ட கூட்டுத் தொடர்தான் அதுன்னு புரியறதுக்கு மாசக் கணக்காச்சு. அதுக்குள்ள அவரு எங்கேயோ போயிட்டாரு.'

'சார்கிட்ட கேட்டிருக்கலாமேடா?'

'இங்கிலீஷ்லதானே கேக்கணும்? அதை இங்கிலீஷ்ல கேக்கத் தெரிஞ்சிருந்தா எனக்கு அந்த டவுட்டே வந்திருக்காதே!'

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தர்க்கத்தில் ஓட்டை இல்லாத வாக்கியம். அவனுக்குக் கூட்டுத் தொடர் தெரியும், ஏ.பி. தெரியாது. கணம் தெரியும், செட் தெரியாது. பழைய சிநேகிதன் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் 'வணக்கம் சார்' என்று ஒதுங்குவோமே, அந்த மாதிரி. 'இவன்தாண்டா அவன்' என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தைக் கேட்டு வாங்கும் உரிமைதான் அவனுக்கு இல்லாமல் போனது.

பிசினஸ் மேத்ஸ் அரியர் விழுந்தது. மற்ற எல்லாப் பேப்பரும் பாஸ். ஐந்து தடவை எழுதிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். டிகிரி இல்லாததால் பேங்க் கிளார்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன்கூடப் போட முடியவில்லை. 'பி.காம். படிச்சேன்னு சொல்லுவேன். முடிச்சேன்னு சொல்லமாட்டேன்' என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அட்டெண்டன்ஸ் மட்டும் அவனுக்கு எந்த செமஸ்டரிலும் குறைந்ததில்லை.

அமெரிக்காவில் இதெல்லாம் எப்படி என்று பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. என் அக்கா மகள் டெக்ஸாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தாள். அங்கே 'காலேஜ் அல்ஜீப்ரா' என்றே ஒரு பாடம் உண்டு. கணக்கை முக்கியப் பாடமாக எடுக்காதவர்களும் முதல் வருஷத்தில் தாண்ட வேண்டியிருக்கும் வாசற்படி. முதல் நாள் கையில் கொடுத்த சிலபஸை எனக்கு அனுப்பினாள். ஆறு பக்கம். நம் ஊர் சிலபஸ் மாதிரி பாடத் தலைப்பு மட்டும் இல்லை, கிட்டத்தட்ட வாடகை ஒப்பந்தம். எந்தெந்தத் தேதியில் டெஸ்ட், ஹோம்வொர்க்குக்கு எத்தனை சதவிகிதம், லேட்டாகக் கொடுத்தால் எவ்வளவு வெட்டு, எந்த கால்குலேட்டருக்கு அனுமதி என்று எல்லாம் அதில் இருந்தது. கூடவே 'ஆபீஸ் அவர்ஸ்'. வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரம் ஆசிரியர் தன் அறையில் இருப்பார், யார் வேண்டுமானாலும் போய்ச் சந்தேகம் கேட்கலாம். மாணவன் என்ன செய்ய வேண்டும் என்று மட்டுமில்லாமல், வாத்தியார் என்ன செய்வார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போடாத குறையாகக் கொடுக்கிறார்கள். 'நல்லாருக்கே' என்றேன். 'ஆனா ஆபீஸ் அவர்ஸுக்கு யாரும் போறதில்ல மாமா. எல்லாருக்கும் தயக்கம்' என்றாள்.

காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது போலிருக்கிறது. அங்கேயும் அல்ஜீப்ராவில் மாட்டிக்கொண்டு படிப்பை விடுகிறவர்கள் ஏராளம். ஆண்ட்ரூ ஹாக்கர் என்ற அரசியல் பேராசிரியர் 2012-ல் நியூயார்க் டைம்ஸில் 'அல்ஜீப்ரா அவசியந்தானா?' என்று கேட்டு எழுத, பெரிய சண்டையே நடந்தது.

இந்தச் சண்டைக்கு ரொம்ப காலம் முன்பே, 1970-களில், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர் வேறொரு காரியம் செய்தார். அங்கே முதல் வருஷ கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் நிறையப் பேர் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன் என்று கேட்டால் ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஊக்கமில்லை, வருமானமில்லை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் நேரே பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பினப் பிள்ளைகள் ஒழுங்காக வகுப்புக்கு வந்தார்கள், ஒழுங்காக ஹோம்வொர்க் செய்தார்கள், தன்னந்தனியாக. சீனப் பிள்ளைகள் தனியாகப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கு நாலு பேருக்குமே வரவில்லை என்றால் கணக்கு கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவனோ 'நான் மக்கு' என்று நினைத்துக்கொண்டான்.

அவர் ஸ்பெஷல் கோச்சிங் என்று எதுவும் வைக்கவில்லை. பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, இன்னும் கஷ்டமான கணக்குகளைக் கொடுத்துப் பேச விட்டார். மார்க் ஏறியது. பேச்சும் சந்தேகமும் தாராளமாகப் புழங்கும் இடத்தில் கணக்கு வருகிறது என்பதுதான் நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. நம் ஊரில் வகுப்பில் பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தால் காப்பி.

மொழி விஷயத்தில் காற்று கொஞ்சம் மாறியிருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நல்லது. ஆனால் பரீட்சை என்பது செமஸ்டரின் கடைசி மூன்று மணி நேரம். படி விட்டுப்போவது ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன மொழியில் கையைத் தூக்கலாம் என்பதை வகுப்பெடுப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் விதிகளில் எதையும் அழிக்க வேண்டாம். 75 சதவிகிதம் இருக்கட்டும், மார்ஜினும் இருக்கட்டும். கூடவே மூன்று வரி சேருங்கள். டவுட் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியிலேயே கேட்கலாம். புதுச் சொல் ஒன்றைப் போர்டில் எழுதும்போது பக்கத்திலேயே அதன் பள்ளிக்கூடத் தமிழ்ப் பெயரையும் எழுதுவேன். வாரத்தில் ஒரு மணி நேரம் நாலு நாலு பேராக உட்கார்ந்து போடலாம், பேசலாம். இதற்கெல்லாம் புதுக் கட்டடம் வேண்டாம், அரசாணை வேண்டாம். ஒரு சாக்பீஸ் போதும்.

மண்டிக்காரனின் மகள் 2024-ல் பி.காம். சேர்ந்தாள். அவனே போன் செய்து சொன்னான். காலேஜில் அட்டெண்டன்ஸ் எல்லாம் ஆப்-பில் போடுகிறார்களாம், பெண் வகுப்புக்குப் போகவில்லை என்றால் இவனுக்கு மெசேஜ் வந்துவிடுமாம். 'அது கெடக்கட்டும். டவுட்டு தமிழ்ல கேக்கலாமான்னு கேட்டேன். கேக்கலாம்பா, ஆனா யாரும் கேக்க மாட்டேங்கறாங்கன்னு சொல்றா.'

'நீ என்ன சொன்னே?'

'நாளைக்கு நீ முதல்ல கேளு. தப்பா இருந்தாலும் பரவால்ல, எந்திரிச்சுக் கேளு. உனக்குப் பின்னாடி ரெண்டு பெஞ்சு தள்ளி யாராவது உக்காந்திருப்பாங்கன்னு சொன்னேன்.'