கடல் திருப்பித் தந்தது

மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுச் சென்ற ஆண்டு, ஆகஸ்டு இறுதியில் நாங்கள் இருவரும் தரங்கம்பாடிக் கடற்கரை விடுதியொன்றில் தங்கச் சென்றோம். 1620-இல் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டையருகே ஞாயிறுதோறும் குடும்பங்கள் திரளும். பிள்ளைகளின் ஆரவாரத்தைக் கேட்க மாட்டாமல் நாங்கள் சன்னலைச் சாத்திக்கொள்வோம்.

அக்டோபரில் வானம் கறுத்தது. பயணிகள் குறைந்தனர், உணவறையில் எங்கள் இருவருக்கு மட்டுமே இலை போடப்பட்டது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்ட கரையில், வலையைச் சீர்செய்துகொண்டிருந்த முதியவரிடம், "கடல் எடுத்ததைத் திருப்பித் தருமா?" என்று கேட்டோம்.

"கச்சான் காத்து வடக்கே தள்ளுற மணலை வாடைக் காத்து தெற்கே தள்ளும், ஐயா. எல்லாம் திரும்பாது, கொஞ்சம் திரும்பும்" என்றார்.

அன்றிரவு பெருமழை. முதலில் எழுத வேண்டியவன் மகனே என்று இரு மாதங்களாய்ச் சாதித்து வந்த நாங்கள், அவனுக்கு மடல் எழுதினோம். அறிவுரை ஒன்றும் எழுதவில்லை; கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வா என்று மட்டும் எழுதினோம்.

வந்தான்; இரண்டே நாள் தங்கினான். பிணக்குற்ற பிள்ளைகளையுடைய பெற்றோரே, முதல் மடல் உங்களுடையதாகவே இருக்கட்டும். திரும்பும் அந்தக் கொஞ்சமும் பெரும் பேறுதான்.